சூரிய பிம்பமும் நியூட்டன் வளையங்களும்

சூரியனைப் படம் பிடிக்கும் கலையின் சரித்திரத்தை அதன் வெற்றிகளைக் கொண்டு எழுதியவர்கள் பலர். அக்கலையில் ஈடுபட்டோர் தலைமுறை தலைமுறையாக எந்தெந்தக் கறையோடு மல்லாடினார்கள், அவற்றைத் துடைப்பதற்கு என்னென்ன உபாயங்கள் செய்தார்கள் என்று தேடிப் போனால் வேறொரு சரித்திரம் அகப்படுகிறது. எனக்கு அதுவே அதிகச் சுவையுள்ளதாகப் படுகிறது. இன்று எச்-ஆல்ஃபா என்னும் ஒற்றைச் செந்நிற ஒளியில் சூரியனைப் படம் எடுப்பவர், மலைச் சிகரத்து ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானியாயினும் சரி, வீட்டு மொட்டைமாடியில் சிறு தொலைநோக்கியை நிறுத்தியிருக்கும் அன்பராயினும் சரி, முதற் படத்தைக் கணினித் திரையில் கண்டவுடன் முகம் சுளிப்பது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான். பிம்பத்தின் மேல், ஒரு மையத்தைச் சுற்றிய வட்டங்களாகவோ, வளைந்தோடும் பட்டைகளாகவோ, வெளிறியும் கறுத்தும் மாறி மாறிக் கோடுகள் படிந்திருக்கும். அவை சூரியனைச் சேர்ந்தவை அல்ல. பதினைந்து கோடி கிலோமீட்டர் ஆகாயத்தைக் கடந்து வந்த ஒளி, காமிராவுக்குள் கடைசி ஒரு மில்லிமீட்டரில் பெற்றுக்கொண்ட வடுக்கள் அவை.

நியூட்டன் வளையங்கள் என்று இவற்றுக்குப் பெயர் வழங்கினாலும், முதலில் கண்டு எழுதி வைத்தவர் அவர் அல்லர். 1665-இல் வெளிவந்த ‘மைக்ரோகிராஃபியா’ என்னும் நூலில் ராபர்ட் ஹூக், காக்காய்ப்பொன் என்று நாம் சொல்லும் அப்பிரகத்தின் மெல்லிய ஏடுகளிலும், ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்திய கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவிலும் தோன்றும் வர்ண வட்டங்களை விஸ்தாரமாக வர்ணித்திருக்கிறார். நியூட்டன் செய்தது அவற்றை அளந்தது. நீண்ட தொலைநோக்கிக்கென்று கடைந்த, மிகச் சிறிதளவே குவிந்த ஒரு வில்லையைத் தட்டையான முகத்தின்மேல் கிடத்தி, இரண்டுக்கும் இடையே விளிம்பை நோக்கி மெல்ல மெல்ல அகலும் காற்று இடைவெளியைக் கணக்கிட்டு, எந்தக் கனத்தில் எந்த வட்டம் விழுகிறது என்று அங்குலத்தில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு வரை அவர் நிர்ணயித்தார். இத்தனை நுட்பமாக அளந்தவர், ஒளி அலை வடிவானது என்பதை மட்டும் ஏற்கவில்லை என்பது விந்தை. ஹூக் 1703-இல் காலமானார். ‘ஆப்டிக்ஸ்’ 1704-இல் அச்சேறியது. பெயர் நியூட்டனுக்கே நிலைத்துவிட்டது. வளையங்களின் காரணத்தை 1801-இல் தாமஸ் யங் விளக்கினார். இரு முகங்களிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் சந்திக்கும்போது, முகடும் முகடும் சேர்ந்த இடத்தில் வெளிச்சமும், முகடும் பள்ளமும் சேர்ந்த இடத்தில் இருளும் உண்டாகின்றன. நம் பாடப் புத்தகங்களில் குறுக்கீட்டு விளைவு என்று வருவது இதுதான்.

சூரியனை முதன்முதலில் தெளிவாகப் படம் பிடித்தவர்கள் ஃபீஸோவும் ஃபூக்கோவும். 1845 ஏப்ரல் 2-ஆம் தேதி பாரிஸ் நகரில், வெள்ளி பூசிய டாகெர் தகட்டில், கரும்புள்ளிகள் துலங்க எடுத்தார்கள். பின்பு இங்கிலாந்தில் கியூ என்னுமிடத்தில் வாரன் டி லா ரூ அமைத்த யந்திரம் 1858 முதல் அவ்வேலையைச் செய்தது. இப்படங்களில் எல்லாம் வளையத் தொல்லை கிடையாது. ஏனெனில் அவை வெண்ணொளியில் எடுத்தவை. ஆனால் கண்ணாடித் தகடுகள் வந்தபின் வேறொரு தொல்லை வந்தது. பிரகாசமான ஒளி, தகட்டின் முன்பக்கத்துப் பசையை ஊடுருவி, கண்ணாடியின் பின்முகத்தில் மோதித் திரும்பி வந்து, பிம்பத்தின் விளிம்பைச் சுற்றிப் பரிவேடம் போன்ற ஓர் ஒளிப்படலத்தை வரைந்துவிடும். இதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகைப்படக்காரர்கள் கண்ட மருந்து சமையலறையிலிருந்து வந்தது. சர்க்கரையைக் கருகக் காய்ச்சி, அதில் காவிமண் பொடியும் பிசினும் குழைத்துத் தகட்டின் முதுகில் பூசி உலர்த்திவிடுவார்கள். படம் எடுத்த பின், கழுவுவதற்கு முன் ஈரப் பஞ்சால் துடைத்துவிடுவார்கள். கருகிய சர்க்கரையும் பிசினும் ஒளியை ஒடிக்கும் அளவு கண்ணாடிக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆகவே ஒளிக்கு அங்கே ஓர் எல்லை இருப்பதே தெரியாமல் கண்ணாடியைவிட்டு வெளியேறிப் பூச்சுக்குள் நுழைய, காவிமண் அதை விழுங்கிவிடும். இன்று காமிராவுக்குள் வளையங்களை உண்டாக்கும் குற்றவாளியும் இதே பின்முகப் பிரதிபலிப்புத்தான். ஆனால் சர்க்கரைப் பாகு பூசி அவனை இன்று அடக்க முடியாது, ஏனெனில் ஒளி காமிராவின் உணரிக்கு முன்னுள்ள கண்ணாடியைத் தாண்டித்தான் உணரிக்குப் போயாக வேண்டும்.

இவ்விடத்தில் கோடைக்கானலுக்கு வருவோம். சென்னை நுங்கம்பாக்கத்தில் கும்பினியார் காலத்தில் நிறுவிய வானிலையத்தின் வாரிசாக, 1895-இல் அப்போதைய கவர்னர் வென்லாக் பிரபு அஸ்திவாரக் கல் நாட்ட, மிச்சி ஸ்மித் என்பவரின் மேற்பார்வையில், பழனி மலைத்தொடரில் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் எழுந்தது அங்குள்ள சூரிய ஆராய்ச்சி நிலையம். 1907-இல் ஜான் எவர்ஷெட் அங்கே உதவியாளராக வந்து சேர்ந்தார். 1909 ஜனவரியில், கரும்புள்ளிகளின் ஓரப் பகுதியில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டு உலகப் புகழ் அடைந்தார். அவருடைய மனைவி மேரி எவர்ஷெட்டும் அங்கேயே சூரியப் பிழம்புகளை ஆராய்ந்தவர். ஆனால் நம் விஷயத்துக்கு வேண்டியது அக்கண்டுபிடிப்பு அல்ல. எவர்ஷெட் தம் கைத்திறமையால் செவ்வையாக இயங்கச் செய்த ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்னும் யந்திரம்.

அமெரிக்காவில் ஜார்ஜ் எல்லரி ஹேலும் பிரான்சில் ஆன்ரி தெலாந்தரும் 1890-களின் தொடக்கத்தில் தனித்தனியே உருவாக்கிய அந்த யந்திரம், சூரிய ஒளியை நிறமாலையாக விரித்து, அதிலிருந்து ஒரே ஒரு நிறக் கோட்டை மட்டும் ஒரு சன்னமான பிளவின் வழியே வெளியே விடும். சூரிய பிம்பம் முதற் பிளவின் குறுக்கே மெல்ல நகர நகர, இரண்டாம் பிளவின் பின்னால் தகட்டின்மேல், கீற்றுக் கீற்றாக, அந்த ஒற்றை நிறத்தில் முழுச் சூரியனும் தன்னை எழுதிக்கொள்ளும். கோடைக்கானலில் கால்சியத்தின் கே கோட்டில், 393.37 நானோமீட்டரில், ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிம்பங்களாக 1907 முதல் நூறாண்டுக் காலம் படங்கள் எடுத்தார்கள். எச்-ஆல்ஃபாவில் எடுப்பது 1912 முதல் முறையாக நடந்தது. அப்படங்களில் வளையம் அநேகமாக இல்லை. தகட்டின் பசை பாலைப்போலக் கலங்கியது; அதற்குள் புகுந்த ஒளி சிதறிப்போகும். வளையம் தோன்றுவதற்கு வேண்டிய வழவழப்பான இணை முகங்கள் இரண்டு அங்கே வாய்க்கவில்லை.

ஆனால் பட்டைகள் உண்டு, அதுவும் இருவகை. பிளவின் உதட்டில் ஒரே ஒரு தூசி ஒட்டிக்கொண்டாலும், அது மறைத்த புள்ளி பிம்பம் நகரும் நேரமெல்லாம் மறைந்தே இருக்குமாகையால், சூரியனின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நகர்ச்சியின் திசையிலே கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு விழும். நகர்த்தும் பொறி ஓரிடத்தில் தயங்கினாலும், மெல்லிய மேகம் ஒன்று குறுக்கே போனாலும், அதற்குச் செங்குத்தாக, பிளவுக்கு இணையாக, ஒரு பட்டை கறுக்கும் அல்லது வெளிறும். ஆகவே பழகிய கண்ணுக்குத் தகட்டைப் பார்த்த மாத்திரத்தில் குற்றம் பிளவிலா, பொறியிலா, ஆகாயத்திலா என்று தெரிந்துவிடும். பிளவைத் துடைப்பதற்குத் துணி உதவாது. நூலிழை ஒன்று ஒட்டிக்கொண்டால் அதுவே புதிய தூசி. மிருதுவான மரக்குச்சியொன்றின் நுனியை உளிபோலச் சீவி, பிளவின் உதடுகள் நடுவே ஒரே இழுப்பாக இழுத்துச் செல்வதுதான் நிறமாலைக்காரர்களின் பழைய சம்பிரதாயம். ஒரு தீக்குச்சி போதும். லட்சக்கணக்கில் செலவான யந்திரத்துக்குத் தீக்குச்சிதான் வைத்தியம் என்பதைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் நம்ப மாட்டார்களோ என்னவோ!

வளையங்கள் சூரியப் படத்துக்குள் புகுந்தது, பிளவை விட்டுவிட்டு வடிகட்டியைப் பிடித்த பிறகுதான். இதற்கு விதை 1890-களின் கடைசியில் சார்ல்ஸ் ஃபாப்ரி, ஆல்ஃபிரட் பெரோ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் இட்டது. பாதி வெள்ளி பூசிய இரு கண்ணாடி முகங்களை இணையாக நிறுத்தி, ஒளியை அவற்றுக்கிடையே பலமுறை மோதித் திரும்பச் செய்தால், இடைவெளிக்குப் பொருந்திய நிறங்கள் மட்டும் வெளியேறி மற்றவை மடிந்துபோகும். ஹூக்கும் நியூட்டனும் கண்ட அதே விளைவை, கறையாக அல்லாமல் கருவியாக ஆக்கிய புத்தி அது. பிறகு 1933-இல் பெர்னார் லியோ, படிகத் தகடுகளையும் ஒளியைத் தளப்படுத்தும் தகடுகளையும் மாறி மாறி அடுக்கி, ஒவ்வொரு படிகமும் முந்தியதைப்போல் இருமடங்கு கனமுள்ளதாக அமைத்து, மிகக் குறுகிய கீற்றை வடிக்கும் வேறொரு வழியை வகுத்தார். ஸ்வீடனில் யிங்வே ஓமான் தாமாகவே அதே யோசனைக்கு வந்து 1938-இல் ஒன்றைச் செய்து காட்டினார். இன்று அமெச்சூர்கள் உபயோகிக்கும் எச்-ஆல்ஃபா வடிகட்டிகளில் ஒருவகை, இரு முகமும் பூசிய ஒரே அப்பிரக ஏடு. ஹூக் கத்தியால் பிளந்து பிளந்து வர்ணம் பார்த்த அதே காக்காய்ப்பொன்!

ஒளி இப்படிக் குறுகக் குறுக வளையம் ஏன் வளர வேண்டும்? ஓர் ஒளியலை இரண்டாகப் பிரிந்து, ஒரு கூறு நேரே போக, மற்றது கண்ணாடிக்குள் ஒருமுறை போய்த் திரும்பிப் பின்னால் வந்து சேர்ந்தால், இரண்டும் தம்முள் இசைவு கெடாத தூரத்துக்குள் சந்தித்தால்தான் கூடுவதும் கழிவதும் நடக்கும். அந்த இசைவுத் தூரம், ஒளி எத்தனைக்கெத்தனை ஒரே நிறமாயிருக்கிறதோ அத்தனைக்கத்தனை நீளும். வெண்ணொளிக்கு அது ஒரு மைக்ரான் அளவுதான். ஆகவே சோப்புக் குமிழிபோன்ற மிக மெல்லிய படலத்தில் தவிர அதற்கு வர்ணம் காட்ட வழியில்லை. 656.28 நானோமீட்டரில் 0.07 நானோமீட்டர் அகலமே உள்ள எச்-ஆல்ஃபாக் கீற்றுக்கோ, அது ஆறு மில்லிமீட்டருக்கு நீண்டுவிடுகிறது. உணரியைத் தூசியிலிருந்து காக்க அதன் முன் பதித்திருக்கும் கண்ணாடியின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். உள்ளே ஒருமுறை போய்த் திரும்பும் ஒளிக்கு, கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டால், கூடுதல் பயணம் மூன்று மில்லிமீட்டர். ஆறுக்குள் மூன்று அடங்கிவிட்டது, வளையம் பிறந்துவிட்டது. பூச்சில்லாத கண்ணாடி முகம் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத்தானே திருப்புகிறது என்று அலட்சியமாக இருப்பதற்கில்லை. அலைகள் முற்றும் இசைந்து சேர்ந்தால், அந்த நான்கு பங்கே வெளிச்சத்தை நூற்றுக்குப் பதினைந்து வரை ஏற்றி இறக்கிவிடும்.

ஆக, வடிகட்டி எவ்வளவு உயர்வோ வளையமும் அவ்வளவு உரம். இது மலிவான கருவியின் குறை என்று எண்ணி, மேலும் விலையுயர்ந்த வடிகட்டியை வாங்கி மனம் நொந்தவர்கள் உண்டு.

1969-இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சி.சி.டி. என்னும் உணரியைக் கற்பித்தபின், கலங்கிய பசை போய், பளபளக்கும் சிலிக்கான் முகம் படத்தளத்தில் வந்து உட்கார்ந்தது. அதுவே நல்ல கண்ணாடியைப்போல ஒளியைத் திருப்பும். நீல ஒளியையும் பிடிக்க வேண்டுமென்று அந்தச் சிலிக்கானைப் பத்து இருபது மைக்ரானுக்குத் தேய்த்து மெலிதாக்கியபோது, செந்நிறத்தைத் தாண்டிய ஒளிக்கு அது பாதி ஊடுருவத்தக்கதாகி, கால்சியத்தின் 854.2 நானோமீட்டர் கோட்டில் படம் எடுப்போருக்கு உணரியே தன் உடம்புக்குள் வளையம் வரையத் தொடங்கிவிட்டது. மின் சுற்றுக்களோ தம் பங்குக்குப் பட்டைகளைச் சேர்த்தன. இன்றைய சிமாஸ் உணரிகளில் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி மின்பெருக்கி உண்டு. அவற்றுள் எள்ளளவு ஏற்றத்தாழ்வு இருந்தாலும் படம் முழுதும் நேர்க்கோடுகளாகத் தெரியும்.

இவற்றை நீக்கும் முறைகளில் முதன்மையானது, பிறக்குமுன்னே தடுப்பது. சீரான ஆராய்ச்சி நிலையங்களில் உணரியின் முன்கண்ணாடியை இணை முகங்களாக வைக்காமல், ஆப்புப்போல ஒருபக்கம் சற்றே கனத்ததாகக் கடையச் சொல்வார்கள். பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சும் இடுவார்கள். அமெச்சூர்கள் காமிராவையே இரண்டொரு டிகிரி சாய்த்துவிடுகிறார்கள். சாய்த்தால் வளையங்களின் மையம் படத்துக்கு வெளியே தள்ளப்படும். உள்ளே எஞ்சும் கோடுகள் நெருங்கி நெருங்கி, ஒரு பிக்சலின் அகலத்துக்கும் சிறுத்து, சராசரியில் கரைந்துபோகும். படத்தின் ஒரு ஓரம் குவியம் தப்பும் என்பது இதன் விலை; ஆயினும் எச்-ஆல்ஃபா வேலைக்கு வேண்டிய நீண்ட குவிய விகிதத்தில், முப்பது என்று வைத்துக்கொண்டால், அந்த நஷ்டம் பெரிதாகத் தெரியாது.

தடுத்தும் மிஞ்சியதைக் கணக்கால் நீக்க வேண்டும். இங்கே ஒரு விவேகம் தேவை. மின்சுற்றின் பட்டை ஒளியோடு கூட்டல் முறையில் சேர்வது. வளையமோ ஒளியைப் பெருக்கல் முறையில் ஏற்றி இறக்குவது. ஆகையால் முன்னதைக் கழிக்க வேண்டும், பின்னதால் வகுக்க வேண்டும். வரிசை மாறினால் இரண்டும் கெடும். தொலைநோக்கியை மூடி இருட்டில் எடுத்த படத்தைக் கழித்தபின், உருவம் ஏதுமில்லாத சீரான வெளிச்சத்தில் எடுத்த ‘பிளாட்’ படத்தால் வகுப்பது பொது விதி. ஆனால் சூரியனுக்கு ஒப்பான சீரான வெளிச்சத்துக்கு எங்கே போவது? விளக்கின் ஒளியில் எடுத்தால் அதன் நிறம் சூரியனுடையதுபோல் இராது. வளையங்களும் வேறாக விழும். எனவே சூரியனையே குவியம் கலைத்து எடுப்பார்கள். அல்லது தொலைநோக்கியின் வாயில் பால்நிற மெழுகுத்தாளைக் கட்டி எடுப்பார்கள். அல்லது சூரிய வட்டின் நடுவே அங்குமிங்கும் தொலைநோக்கியை அலைய விட்டு நூற்றுக்கணக்கான படங்களின் சராசரியை எடுப்பார்கள்.

இந்த மூன்றாம் வழியை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியவர்கள் ஜெஃப்ரி கூனும் அவருடைய இரு சகாக்களும். 1991-இல் வெளியான அவர்கள் முறைக்குத் தனியே விளக்கோ மெழுகுத்தாளோ வேண்டாம். நிலைக்கண்ணாடி முன் நிற்பவன் தலையை அசைத்தால் முகத்திலுள்ள மறு அசையும், கண்ணாடியிலுள்ள கறை அசையாது; அதைப்போல, சூரியனைச் சற்றுச் சற்று நகர்த்தி எடுத்த சில படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, நகர்ந்தவற்றையெல்லாம் சூரியன் கணக்கிலும், நகராதவற்றையெல்லாம் காமிராவின் கணக்கிலும் எழுதிவிடலாம். சூரிய பௌதிகத்தில் செய்த உபாயங்களுள் இவ்வளவு எளிமையும் அழகும் கூடியது வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் வளையம் அசையவே அசையாது என்று நம்பிவிடலாகாது. வெயில் ஏற ஏறக் கண்ணாடி விரியும். பத்து டிகிரி சூடு ஏறினால், ஒரு மில்லிமீட்டர் கண்ணாடியின் வளையங்கள் ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளியில் மூன்றிலொரு பங்குக்கும் மேலாகவே இடம் பெயர்ந்துவிடும். வடிகட்டியைத் திருகி நிறத்தை 0.1 நானோமீட்டர் மாற்றினாலும் அதே கதி. காலையில் எடுத்த பிளாட்டால் உச்சிவேளைப் படத்தை வகுத்தால், பழைய வளையம் போகாததோடு, அதன் நிழலாகப் புதிய வளையமும் ஒன்று சேரும்.

கடைசி உபாயம் ஃபூரியே கணிதம். 1822-இல் வெப்பத்தைப் பற்றி எழுதிய நூலில் ஃபூரியே காட்டிய வழியில் ஒரு படத்தை அலைகளாகப் பிரித்துவிட்டால், சீரான பட்டைகள் அனைத்தும் ஓரிரு புள்ளிகளில் குவிந்து நிற்கும். அப்புள்ளிகளை அழித்துவிட்டுத் திரும்பக் கூட்டினால் பட்டை மறையும். 1965-இல் கூலியும் டூக்கியும் வகுத்த விரைவுக் கணிப்பு முறையால் இது இன்று கண் இமைக்கும் நேரத்து வேலை. ஆனால் இதைக் கையாள்வோர் அஞ்சிக் கையாள வேண்டும். எச்-ஆல்ஃபாவில் கரும்புள்ளியைச் சுற்றிக் காந்தப் புலத்தின் வழியே அணிவகுத்து நிற்கும் மெல்லிய இழைகளும் ஏறக்குறையச் சீரான கோடுகளே. கணிதத்துக்குச் சூரியனின் கோடு, காமிராவின் கோடு என்ற பேதம் தெரியாது. கோடென்று கண்டதை அழிக்கும். பட்டையைத் துடைக்கப் போய்ச் சூரியனின் உண்மையான அம்சத்தைத் துடைத்துவிட்டு, படம் பளிச்சென்று இருக்கிறதென்று மகிழ்பவர்களை என்ன சொல்வது?

கோடைக்கானல் தகடுகளுக்கு நேர்ந்த நன்மை இங்கேதான் விளங்கும். தூசிக் கோடும் மேகப் பட்டையுமாக அவை எடுத்தபடியே பெட்டிகளில் இருந்தன. யாரும் அவற்றைச் சுரண்டி அழகுபடுத்தவில்லை. முதலில் ஒருமுறை, 256 சாயல்களை மட்டுமே பிரித்தறியும் 8 பிட் அளவில் அவற்றை எண்களாக மாற்றினார்கள். அது போதாதென்று தெரிந்தபின், பெரிய உருண்டைக்குள் ஒளியைச் சீராகப் பரப்பிக் கீழிருந்து வெளிச்சம் காட்டி, 65,536 சாயல்களைப் பிரித்தறியும் 16 பிட் காமிராவால் அதே தகடுகளை மறுபடியும் எடுத்தார்கள். மூலம் கெடாமல் இருந்ததால்தான் இரண்டாம் முறை சாத்தியமாயிற்று.

ஆகையால் மொட்டைமாடியில் சூரியனைப் படம் எடுக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வளையத்தை எப்படி வேண்டுமானாலும் நீக்கிக்கொள்ளுங்கள், ஆனால் திருத்தாத மூலப் படத்தையும், அதே வேளையில் எடுத்த பிளாட் படத்தையும், இருட்டுப் படத்தையும், நாளும் நேரமும் வடிகட்டியின் நிலையும் குறித்த சீட்டையும் சேர்த்தே வைத்திருங்கள். நீக்கும் வேலையை நம்மைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் பின்னால் வருவார்கள்.